மருத்துவ மாணவரின் தொழில்முனைவுத் திறனை எதைக் கொண்டு அளப்பது?

மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் தொழில்முனைவுத் திறன் எவ்வளவு இருக்கிறது, சொந்தமாக ஒன்றைத் தொடங்கி நடத்த அவர்கள் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று ஆராயும் கட்டுரைகள் இப்போது பல நாடுகளிலிருந்தும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வழியில்தான் செல்கின்றன. மாணவர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுக்கிறார்கள். புதிய வாய்ப்பை இனங்காண முடியுமா, இடரை ஏற்பாயா, ஒரு குழுவை வழிநடத்துவாயா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் இடச் சொல்கிறார்கள். வந்த எண்களைக் கூட்டி, மாணவர்களின் ஆயத்தநிலை நடுத்தரம் என்றோ குறைவு என்றோ முடிவு சொல்கிறார்கள். இந்த முறைக்குப் பின்னால் ஐசெக் அய்சென் 1991இல் விரிவாக எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இருக்கிறது. ஒரு செயலின் மேல் ஒருவருக்கு உள்ள மனப்பாங்கு, சுற்றியிருப்போர் அவரிடம் எதிர்பார்ப்பது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணத்தை உருவாக்கும். எண்ணம் செயலுக்கு வழிவகுக்கும் என்பது அதன் சாரம். எண்ணத்தை ஆராய அது நல்ல கருவி. திறனை ஆராய அதே கருவியை எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தன்னால் முடியும் என்று ஒருவர் நம்புவது வேறு, அவரால் முடிவது வேறு.

இந்த வேறுபாட்டை மற்றெந்தத் துறையையும்விட மருத்துவத் துறை நன்றாக அறியும். முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்கத் தெரியுமா என்று மாணவரையே கேட்டு, அவர் தனக்கு 4 மதிப்பெண் போட்டுக்கொண்டால் தேர்ச்சி என்று எந்த மருத்துவக் கல்லூரியும் அறிவிக்காது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய ரொனால்டு ஹார்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் 1975இல் வெளியிட்ட தேர்வு முறை, மாணவரை ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்ய வைத்து, கண்ணால் பார்த்து மதிப்பெண் இட்டது. இன்று ‘ஆஸ்கி’ என்ற பெயரில் நம் கல்லூரிகளிலும் நடப்பது அதுவே. தன்மதிப்பீடு எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கும் மருத்துவத்திலேயே சான்று உண்டு. டேவிஸும் அவருடைய குழுவினரும் 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மருத்துவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதையும் பிறர் கண்டறிந்ததையும் 20 இடங்களில் ஒப்பிட்டது. அவற்றில் 13 இடங்களில் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லை, அல்லது நேர் எதிர். திறன் குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களுமே தங்களை அளப்பதில் அதிகம் தவறினார்கள். பயிற்சி பெற்ற மருத்துவர், தான் நாள்தோறும் செய்யும் வேலையைப் பற்றியே இப்படித் தவறக்கூடும் என்றால், இதுவரை ஒரு கணக்கேட்டைத் திறந்து பார்க்காத இரண்டாமாண்டு மாணவர் தன் தொழில்முனைவுத் திறனுக்கு இடும் மதிப்பெண்ணில் எதைப் படிக்க முடியும்?

வினாப்பட்டியல்களின் முடிவுகளை ஒதுக்கிவிட்டால் மருத்துவ மாணவருக்குத் தொழில்முனைவு தேவையா என்ற கேள்வியே தேவையற்றதாகிவிடுமோ என்று தோன்றலாம். இந்தியாவில் அது அப்படி ஆகாது. தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் 75ஆவது சுற்று, 2017-18இல் நாடு முழுவதும் குடும்பங்களைக் கேட்டுத் தொகுத்தது. மருத்துவமனையில் தங்காமல் சிகிச்சை பெற்ற நோய்களில் அரசு மருத்துவமனைகளுக்குப் போனவை சுமார் 30 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளுக்குப் போனவை சுமார் 23 விழுக்காடு. சுமார் 43 விழுக்காடு தனியார் மருத்துவர்களிடமும் கிளினிக்குகளிலும் பார்க்கப்பட்டவை. இந்த நாட்டின் அன்றாட மருத்துவத்தில் மிகப்பெரிய பங்கு, பல்லாயிரம் மருத்துவர்கள் தனித்தனியாக நடத்தும் சிறு நிறுவனங்களின் கையில் இருக்கிறது என்று இதற்குப் பொருள். தொழில்முனைவோர் என்றதும் மனத்தில் வருவது செயலி தொடங்கி முதலீட்டாளரைத் தேடும் இளைஞரின் உருவம். மாடிப்படிக்குக் கீழே பார்மசி வைத்து, மேலே பத்துப் படுக்கைகளுடன் நர்சிங் ஹோம் நடத்தும் மருத்துவத் தம்பதியை நாம் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பது, கடன் வாங்குவது, கருவி வாங்குவது, கட்டணம் நிர்ணயிப்பது, நட்டம் வந்தால் தாங்குவது எல்லாம் அவர்களே. ஆகவே ஆயத்தநிலை பற்றிய கேள்வி எல்லா மாணவருக்கும் உரியது. யாருக்குத் தொழில் தொடங்க ஆசை என்று கேட்பதைவிட, பெருந்தொகையினர் ஒருநாள் செய்யப்போகும் வேலைக்கு அவர்களிடம் என்ன பயிற்சி இருக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

அந்த வேலையில் என்னென்ன அடங்கும் என்று பார்த்தால் பயிற்சியின் தேவை தெளிவாகும். தமிழ்நாட்டில் கிளினிக் திறப்பவர் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். அச்சட்டத்துக்கான விதிகள் 2018இல்தான் வந்தன. மருத்துவக் கழிவுகளை 2016ஆம் ஆண்டு விதிகளின்படி நிறம் பிரித்துச் சேர்த்து அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவி வைத்தால் கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவும் படிவங்களும் உண்டு. 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் பெற்றுத் தரும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, அந்த விலக்கின் காரணமாகவே, வாங்கும் கருவிக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை, அது முழுவதும் செலவாகிவிடும். இந்தக் கடைசி விவரம் தெரியாமல் கடன் விண்ணப்பத்தில் கருவியின் விலையை மட்டும் எழுதும் மருத்துவர், முதல் மாதமே கணக்குத் தவறியவராக ஆகிறார். இவை எதுவும் கடினமான அறிவு அல்ல. ஒரு நல்ல ஆடிட்டரும் ஒரு வழக்கறிஞரும் சில மணி நேரத்தில் விளக்கிவிடுவார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த விளக்கம் கிடைக்கும்.

பாடத்திட்டம் இதற்கு என்ன செய்கிறது? 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டம், இந்திய மருத்துவப் பட்டதாரி ஏற்க வேண்டிய பொறுப்புகளாக ஐந்தைக் குறிப்பிட்டது: சிகிச்சையளிப்பவர், குழுவின் தலைவரும் உறுப்பினரும், நன்கு உரையாடுபவர், வாழ்நாள் முழுதும் கற்பவர், தொழில் நெறியைக் காப்பவர். நல்ல பட்டியல்; மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனிப் பாடமும் சேர்க்கப்பட்டது பெரிய முன்னேற்றம். சமூக மருத்துவத்தில் சுகாதாரத் திட்டமிடலும் மேலாண்மையும் ஒரு பகுதியாக உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வரையறைகளாகக் கற்பிக்கப்பட்டு, ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்கப்பட்டு முடிந்துபோகிறது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி.யில் ஒரு நோயாளியைப் பார்க்க எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிடும்படி எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

கற்பிக்காவிட்டால் மாணவர் அதைக் கற்றுக்கொள்வதில்லை என்று எண்ணுவது தவறு. ஃபிரெடெரிக் ஹாஃபெர்ட்டியும் ரொனால்டு ஃபிராங்க்ஸும் 1994இல் எழுதிய கட்டுரை, மருத்துவக் கல்லூரியின் அறநெறிக் கல்வி பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே, வார்டிலும் தாழ்வாரத்திலும் உணவகத்திலும் நடக்கிறது என்றது. அந்த மறைமுகப் பாடத்திட்டத்தில் பணம் பற்றிய பாடங்களும் அடங்கும். எந்த லேப் எவ்வளவு கொடுக்கிறது, ரெஃபரலுக்கு என்ன கமிஷன், மெடிக்கல் ரெப் எந்த மாநாட்டுக்கு டிக்கெட் எடுத்துத் தருவார் என்பதை ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே மாணவர்கள் மூத்தவர்களிடமிருந்து கேட்டறிகிறார்கள். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் நேரடியாகத் தடை செய்கின்றன. மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் இலவசங்களை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. விதியும் தீர்ப்பும் இருந்தும் பழக்கம் நீடிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கமிஷன் இல்லாமல் ஒரு கிளினிக் எப்படித் தன் காலில் நிற்கும் என்பதைக் காட்டும் கணக்கை யாரும் மாணவருக்குப் போட்டுக் காட்டியதில்லை என்பது அவற்றுள் ஒன்று என நான் கருதுகிறேன். தொழில் நடத்தும் கலையை வகுப்பறை கற்பிக்க மறுக்கும்போது, அதை முறையற்ற வழியில் நடத்துபவர்களே ஒரே ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். மருத்துவ மாணவருக்குத் தொழில்முனைவுக் கல்வி வேண்டும் என்று சொல்வதற்கு என்னிடம் உள்ள முதன்மையான காரணம் இதுதான். பொருளாதார வளர்ச்சி, வேலைவாய்ப்பு, கண்டுபிடிப்பு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

எப்படிக் கற்பிப்பது என்பதில் ஆய்வுகள் எச்சரிக்கையுடன் பேசுகின்றன. அந்த எச்சரிக்கையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஊஸ்டர்பேக்கும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் சிறு நிறுவனம் ஒன்றை ஓராண்டு நடத்திப் பார்க்கும் புகழ்பெற்ற பயிற்சித் திட்டத்தை மதிப்பிட்டது. திறன்களில் எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை. தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்தது. அதே ஆண்டு வெளியான மியூனிக் பல்கலைக்கழக ஆய்விலும் கட்டாயப் பாடம் படித்தபின் எண்ணம் சற்றுக் குறைந்தது. தங்களுக்கு இது பொருந்துமா என்பதில் மாணவர்களுக்குத் தெளிவு மட்டும் கூடியது. 73 ஆய்வுகளையும் 37,000க்கு மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, கல்விக்கும் எண்ணத்துக்கும் இடையே சிறிய தொடர்பைக் கண்டது. படிப்புக்கு முன்பே இருந்த எண்ணத்தைக் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பும் நிலைக்கவில்லை. இவற்றைத் தொழில்முனைவுக் கல்விக்கு எதிரான தீர்ப்பாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன. எண்ணம் குறைவது தோல்வி என்று கொள்வதற்கு, எல்லோரும் தொழில் தொடங்க வேண்டும் என்ற முன்முடிவு தேவை. நான் இதற்கு ஏற்றவனல்ல, அரசுப் பணியோ ஆராய்ச்சியோ எனக்குப் பொருந்தும் என்று ஒரு மாணவர் 22 வயதில் அறிந்துகொண்டால், அந்தப் பாடம் அவரையும் அவருடைய வருங்கால நோயாளிகளையும் பெரிய இடரிலிருந்து காத்திருக்கிறது.

இன்னொரு ஆய்வு எதைக் கற்பிப்பது என்பதற்குத் தெளிவான விடை தருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 1,500 சிறு தொழில் செய்வோரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கெழுதுதல், விலை நிர்ணயம், சந்தைப்படுத்தல் என்ற வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு உளவியலை அடிப்படையாகக் கொண்ட முன்முயற்சிப் பயிற்சி: வரப்போவதை முன்கூட்டி எண்ணுவது, பிறர் செய்வதிலிருந்து வேறாக ஒன்றைச் செய்து பார்ப்பது, தடை வந்தால் மாற்று வழி தேடுவது. மூன்றாம் பிரிவுக்குப் பயிற்சி எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் இலாபம் 30 விழுக்காடு உயர்ந்தது. வணிகப் பயிற்சி பெற்றவர்களிடம் தெரிந்த 11 விழுக்காடு உயர்வு, தற்செயலானது அல்ல என்று சொல்லும் அளவுக்கு உறுதிப்படவில்லை. லோமேயின் தையற்காரருக்கும் சிறு கடைக்காரருக்கும் பொருந்தியது மதுரையின் மருத்துவ மாணவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இங்கே அளக்கப்பட்டது கையில் வந்த வருமானம், தன்மதிப்பீடு அல்ல, ஒப்பீடும் முறையானது. எனவே விரிவுரையில் சொல்லப்படும் மேலாண்மைப் பாடத்தைவிட, கண்முன் உள்ள ஒரு குறையைக் கண்டு, சிறிதாக ஒன்றைச் செய்து, விளைவை அளந்து, திருத்திச் செய்யும் பழக்கமே ஆயத்தநிலையின் உள்ளீடு என்று கொள்ள இது வலுவான ஆதாரம்.

அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாற்றை இந்தக் கோணத்தில் மறுபடி படிக்கலாம். மேலாண்மை உலகம் அதைப் பலமுறை எழுதிவிட்டது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இலேயே பாடமாக்கியது. எழுதியவர்கள் பெரும்பாலும் 1976க்குப் பின் நடந்ததைப் பேசினார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது; ஓர் அறுவை சிகிச்சை முடிந்ததும் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருக்கும்படி அரங்கை அமைத்தது; கட்டணம் செலுத்துவோரின் வருவாயில் செலுத்த இயலாதோருக்கும் சிகிச்சை அளித்தது; 1992இல் ஆரோலேப் தொடங்கி, அதுவரை 100 டாலர் அளவில் இறக்குமதியான கண்ணுக்குள் பொருத்தும் வில்லையைச் சுமார் 10 டாலருக்குத் தந்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஆயத்தநிலையை ஆராய்பவருக்கு 1976க்கு முந்தைய இருபது ஆண்டுகளே முக்கியம். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராக இருந்த அவர், அந்த ஆண்டுகளில் கிராமம் கிராமமாகக் கண் முகாம்களை நடத்தினார். முகாம் என்பது ஒரு தற்காலிக மருத்துவமனை. இடம், தண்ணீர், மின்சாரம், கருவிகளின் தூய்மை, நோயாளிகளை அழைத்து வருவது, திருப்பி அனுப்புவது, நன்கொடையாளரிடம் பேசுவது, உள்ளூர்ப் பெரியவர்களின் நம்பிக்கையைப் பெறுவது என எல்லாவற்றையும் சில நாட்களில் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் எது தடுமாறியது என்பது அடுத்த முகாமில் சரி செய்யப்படும். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு அறுவை சிகிச்சை செய்யத் தன்னைப் பழக்கிக்கொண்ட ஒருவரின் பிடிவாதமும் அதில் சேர்ந்துகொண்டது. அவர் வணிகம் படித்ததில்லை. அவருடைய தொழில்முனைவுப் பயிற்சி முழுவதும் அரசுப் பணியிலேயே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அரவிந்தின் வேகத்துக்கு அடிப்படை வேலைப் பிரிவினை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வரும் பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளித்து, கண் பரிசோதனையிலிருந்து அறுவை சிகிச்சைக்கு ஆயத்தம் செய்வது வரை அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். மருத்துவர் தன்னால் மட்டுமே முடிந்ததைச் செய்கிறார். எதைத் தானே செய்வது, எதைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்து நம்பி விடுவது என்ற இந்தத் தீர்மானத்தை, வினாப்பட்டியலில் ஒருவர் தனக்கு இடும் மதிப்பெண் காட்டிவிடாது. மருத்துவக் கல்வியோ எல்லாவற்றையும் தானே செய்யும் ஒற்றை வீரராகவே மாணவரை வளர்க்கிறது. மதிப்பெண் தனி ஆளுக்கு, தரவரிசை தனி ஆளுக்கு, பரிசும் தனி ஆளுக்கு. சொந்த நர்சிங் ஹோமில் மருத்துவரே மருந்துக் கணக்கையும் பார்த்து, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவும் ஆள் அனுப்பி, இரவு இரண்டு மணிக்குச் சிசேரியனும் செய்து, ஐம்பது வயதில் களைத்துப்போவதற்கு இந்த வளர்ப்பும் காரணம்.

இதே தமிழ் மண்ணில் இன்னொரு முன்மாதிரி இன்னும் பழையது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்க வைத்தார். தங்கை புற்றுநோயால் இறந்தது அதற்கு விதை. இடையிலிருந்த நாற்பது ஆண்டுகளில் அவர் சட்டமன்றத்தில் வாதாடினார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், 1930இல் அவ்வை இல்லத்தை நிறுவினார், மகளிர் சங்கங்களைக் கட்டினார். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று அதிகாரிகள் தயங்கிய காலத்தில் நிதியும் நிலமும் திரட்ட, அந்தப் பொது வாழ்வில் பெற்ற அனுபவமே கைகொடுத்தது. பெண்கள் தொழில்முனைவுத் தன்னம்பிக்கையில் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று வில்சனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு கண்டது. மேலாண்மை மாணவர்களிடம் தொழில்முனைவுக் கல்வியின் பயன் ஆண்களைவிடப் பெண்களிடமே கூடுதலாக இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. நம் மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கும் இந்நாளில், தன்மதிப்பீட்டை வைத்து ஆயத்தநிலையைத் தீர்மானித்தால் அவர்களுக்கு அநீதி இழைப்போம்.

புதிய கருவிகளையும் மருந்துகளையும் உருவாக்கும் வழி வேறு வகையானது, அதில் மிகச் சிலரே நடப்பார்கள். அங்கே மாணவருக்கு முதலில் தெரிய வேண்டியது காலத்தின் நீளம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் 1970களில் தொடங்கிய செயற்கை இதய வால்வுத் திட்டம், மூன்று வடிவங்களில் தோற்று, நான்காவது வடிவத்தில் 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து, இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் கொடுத்தது. இரண்டாவது தெரிய வேண்டியது தேவையை முதலில் வரையறுக்கும் ஒழுக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான பயோடிசைன் முறை, மருத்துவரையும் பொறியாளரையும் ஒரே குழுவில் சேர்த்து, தீர்வைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் வாரக்கணக்கில் வார்டைக் கவனிக்க வைக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் டெல்லி எய்ம்ஸும் ஐ.ஐ.டி.யும் 2007 முதல் அதை இந்தியாவுக்கு ஏற்ப நடத்தின. மருத்துவ மாணவரின் தனிப்பெரும் பலம் இங்கேதான் இருக்கிறது. நோயாளியின் படுக்கையருகே நாள்தோறும் நிற்க அவருக்கு உரிமை உண்டு. பொறியாளருக்கு அது இல்லை. பார்ப்பதை எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் இருந்தால் போதும், மீதியைக் கூட்டாளிகளிடம் கற்கலாம்.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு அறம் சார்ந்தது. மருத்துவம் ஏற்கெனவே வணிகமாகிவிட்டது, மாணவருக்கும் வணிகம் கற்பித்தால் மிச்சமிருக்கும் தொண்டுணர்வும் போய்விடும் என்கிறார்கள். இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல, ஆதாரம் உண்டு. ஹில்மனும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், படமெடுக்கும் கருவியைத் தங்கள் கிளினிக்கிலேயே வைத்திருந்த மருத்துவர்கள், கதிரியக்க நிபுணரிடம் அனுப்பிய மருத்துவர்களைவிட நான்கு மடங்குக்கும் கூடுதலாகப் படம் எடுத்தார்கள். கருவிக்கு உரிமையாளராக இருப்பதே முடிவை வளைக்கும். இந்தச் சாய்வைக் கல்வியால் மட்டும் தடுக்க முடியாது. சட்டமும் கண்காணிப்பும் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சாய்வில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பேராசை. மற்றது நெருக்கடி. எத்தனை நோயாளிகள் வருவார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஸ்கேன் உண்மையில் தேவைப்படும் என்று கணிக்காமல், விற்பனையாளர் சொன்ன எண்ணை நம்பிக் கடன் வாங்கிய மருத்துவருக்கு, மாதம் பிறந்தால் இ.எம்.ஐ. கட்ட ஒரே வழி தேவையில்லாத ஸ்கேன் எழுதுவதுதான். பேராசைக்குப் பாடம் மருந்தாகாது. நெருக்கடிக்கு ஆகும். பக்கத்து மருத்துவமனையோடு கருவியைப் பகிர்வதா, வாங்காமலே நோயாளியை அனுப்புவதா என்று முன்கூட்டிக் கணக்கிடத் தெரிந்தவர், பின்னால் தன் மனச்சாட்சியோடு பேரம் பேச வேண்டியிராது. இந்தக் காரணத்தால்தான் தொழில்முனைவுப் பாடம் அறநெறிப் பாடத்தோடு ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியர் குழுவால் நடத்தப்பட வேண்டும் என்று சொல்கிறேன். கட்டண நிர்ணயத்தைப் பற்றிப் பேசும் அதே மணி நேரத்தில், செலுத்த இயலாதவரை என்ன செய்வது என்பதும் பேசப்பட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நேரம் பற்றியது, அது நியாயமானது. எம்.பி.பி.எஸ். பாடச்சுமை கடுமையானது. படிப்பு முடியும் முன்பே பி.ஜி. நீட் தேர்வுக்கான ஓட்டம் தொடங்கிவிடுகிறது, சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் கட்டாயப் பயிற்சி மருத்துவர் ஆண்டின் பெரும்பகுதியைக் கேள்வி வங்கிகள் விழுங்குகின்றன. இதற்கு மேல் ஒரு புதிய தாளைச் சேர்த்தால் அதையும் மனப்பாடம் செய்து மறப்பார்கள். ஆகவே புதிய தாள் வேண்டாம். 2021ஆம் ஆண்டின் பயிற்சி மருத்துவர் விதிகளின்படி 52 வாரங்களில் 12 வாரங்கள் சமூக மருத்துவத்துக்கு உரியவை. அவற்றில் கணிசமான பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழிகிறது. அங்குள்ள மருத்துவ அலுவலர் உண்மையிலேயே ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறார்: செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் என்று ஒரு குழு, நோயாளர் நலச் சங்கத்தின் நிதி, மருந்து இருப்பு, தரச்சான்றுக்கான ஆய்வு எல்லாம் அவர் பொறுப்பு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலிருந்து மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே பாஸ்புக் முறையில் வழங்கி வருவது பிற மாநிலங்கள் வந்து பார்த்துச் சென்ற ஏற்பாடு. அந்தக் கிடங்கில் ஒரு நாள் செலவிட்ட மாணவர், இருப்பு மேலாண்மையைப் பாடநூலைவிட நன்றாக அறிவார்.

அந்த 12 வாரங்களில் ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோயாளிகள் காலை எட்டு மணிக்கு வந்து பதினொன்று வரை ஏன் காத்திருக்கிறார்கள்? இரத்தப் பரிசோதனை முடிவு அன்றே கிடைக்காததால் எத்தனை பேர் ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள்? எண்ணிப் பார்த்து, செவிலியரோடும் ஆய்வக நுட்பநரோடும் பேசி, செலவைக் கணக்கிட்டு, சிறு மாற்றம் ஒன்றை முயன்று, மறுபடி எண்ண வேண்டும். முயற்சி தோற்றாலும் மதிப்பெண் குறையக் கூடாது. ஏன் தோற்றது என்று விளக்கத் தெரியாவிட்டால்தான் குறைய வேண்டும். இறுதியில் ஆஸ்கி தேர்வைப் போலவே சில நிலையங்கள் வைக்கலாம்: ஒரு கருவியின் விலை, வட்டி, எதிர்பார்க்கும் நோயாளிகள் ஆகிய எண்களைக் கொடுத்து வாங்கலாமா என்று முடிவு சொல்லச் செய்வது, கமிஷன் கேட்டு வரும் ஒருவரிடம் மறுத்துப் பேசச் செய்வது, ஊழியரிடம் ஒரு தவறைப் பற்றி எடுத்துச் சொல்லச் செய்வது. இவற்றைப் பார்த்து மதிப்பெண் இட்டால், மாணவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைவிட என்ன செய்கிறார் என்பது தெரியும்.

தொழில்முனைவோர் பிறக்கிறார்கள், அவர்களை உருவாக்க முடியாது என்ற மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை. டோகோவின் ஆய்வே போதும். மேலாண்மை படித்தவர்கள் மருத்துவமனையை நடத்தட்டும், மருத்துவர் மருத்துவம் பார்க்கட்டும் என்பது இன்னும் பொருட்படுத்தத் தக்க மறுப்பு. பெரிய மருத்துவமனைகளில் அது நடக்கிறது, நடக்கவும் வேண்டும். பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கு மேலாளரைச் சம்பளத்துக்கு வைக்கக் கட்டுப்படியாகாது. பெரிய மருத்துவமனையிலும், மாதந்தோறும் இத்தனை அட்மிஷன் வேண்டும் என்று நிர்வாகம் இலக்கு வைக்கும்போது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கவும், இதே வருவாயை வேறு வழியில் ஈட்டலாம் என்று கணக்குக் காட்டி வாதாடவும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு தெரியாத மருத்துவர் அந்த அறையில் அறத்தை மட்டும் பேசுவார். கூட்டம் அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிடும்.

கடினமான கேள்வி, இதை யார் கற்பிப்பது என்பது. மருத்துவப் பேராசிரியர்களில் பலர் சொந்தமாகக் கிளினிக் நடத்துபவர்கள். அவர்களுடைய அனுபவம் பெரும் செல்வம், ஆனால் வகுப்பறையில் அது பேசப்படுவதில்லை. சமூக மருத்துவத் துறையினரிடம் எண்ணிப் பார்க்கும் பயிற்சி உண்டு, பணத்தைக் கையாண்ட அனுபவம் குறைவு. ஆடிட்டர், மருந்துக் கிடங்கு அலுவலர், மூத்த செவிலியக் கண்காணிப்பாளர் ஆகியோரை ஆசிரியர்களாக ஏற்கும் வழக்கம் மருத்துவக் கல்லூரியில் இல்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2016இல் தொடங்கிய மருத்துவத் தொழில்முனைவோர் திட்டம், பணியில் இருக்கும் மருத்துவர்கள் வேலையை விடாமலே தங்கள் முயற்சியைத் தொடர வழிகாட்டிகளை அமர்த்தித் தந்தது. தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இத்தனை கல்லூரிகள் இருக்கும்போது, ஐந்தாறு கல்லூரிகளில் மட்டும் மேற்சொன்ன 12 வார முயற்சியை நடத்தி, நடத்தாத கல்லூரிகளோடு ஒப்பிட்டு, மாணவர்கள் பட்டம் பெற்று ஐந்தாண்டு கழித்து எடுத்த முடிவுகளைத் தொடர்ந்து பார்ப்பது செய்யக்கூடிய ஆய்வு. எத்தனை பேர் கிளினிக் தொடங்கினார்கள் என்பதோடு, தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடனில் சிக்காமல் நடத்துகிறார்கள், எத்தனை பேர் ஊழியருக்கு உரிய சம்பளம் தருகிறார்கள், அவர்களுடைய நோயாளிகளுக்கு எழுதப்படும் ஸ்கேன்களின் எண்ணிக்கை என்ன என்பதையும் அந்த ஆய்வு கேட்க வேண்டும்.